ஆயுத பூஜைக்கு முன் 24 நாள்: சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலைத் தோட்ட வேலை – நிகழ்வு ஆய்வு

சூளகிரிக்கு அருகே, தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. முகப்பில் கிடந்த வெற்று நிலத்தைப் புல்தரை, மரம், வேலிச்செடி, நடைபாதை என்று மாற்றித் தர வேண்டும். ஆயுத பூஜைக்குள் முடிய வேண்டும் என்பது மட்டுமே நிர்வாகத்தின் நிபந்தனை. கையில் இருந்தது 24 வேலை நாள், 14 ஆள். அதாவது 336 ஆள்நாள். ஞாயிறு வேலையையும் இடையில் கூப்பிட்ட வெளியாள் கூலியையும் பூஜைக்குப் பிறகு செய்த மிச்சத்தையும் சேர்த்தால் கடைசியில் ஆனது 366. பூஜையன்று புல்தரையில் நான்கில் ஒரு பங்கு போடப்படாமலே இருந்தது. கூடுதலான 30 ஆள்நாளும் எங்கே போயின என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். மழையால் போனதாகத்தான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது மழையின் பங்கு குறைவு, குழுவை நடத்திய விதத்தின் பங்கு அதிகம் என்று தெரிந்தது.

வேலையின் அளவு

புல்தரை 12,000 சதுர அடி. நிழல் மரமும் பூமரமுமாக 64: புங்கன், வேம்பு, மகிழம், பூமருது, சரக்கொன்றை. மதிலை ஒட்டி 180 மீட்டர் வேலிச்செடி, கோல்டன் துராந்தா, இரண்டு வரிசை. பூச்செடிப் பாத்தி 2,000 சதுர அடி. கிரானைட் பலகைத் துண்டு பதித்த நடைபாதை 60 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். புல்லுக்கு பாப்-அப் தெளிப்பான் (தண்ணீர் விடும்போது மட்டும் தரையிலிருந்து எழும்புவது), மற்றவற்றுக்குச் சொட்டு நீர்.

மண் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும், ஏனென்றால் லாரி வருவதைப் பொறுத்தே மற்ற எல்லா நாளும் அமையும். புல்தரைக்கு 6 அங்குலக் கலவை மண் என்றால் 6,000 கன அடி, அதாவது 60 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). தண்ணீர் விட்டதும் அமுங்கும் என்பதற்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 72 யூனிட். மரக்குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. ஒரு குழிக்கு 27 கன அடி, 64 குழிக்கு 17 யூனிட். வேலிக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் 590 அடி நீள வாய்க்கால், 13 யூனிட். பாத்திக்கு ஓர் அடி ஆழம், 20 யூனிட். மொத்தம் 122 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 41 நடை.

அந்த ‘மூன்று யூனிட்’ என்ற சொல்லை நம்பி விடக் கூடாது. முதல் வண்டி வந்ததும் தொட்டியின் உள்ளளவை டேப்பால் பிடிக்க வேண்டும். 12 அடி நீளம், 7 அடி அகலம், மூன்றரை அடி உயரம் என்றால் 294 கன அடி, சரி. அதே தொட்டியில் மண் மூன்றடிதான் நின்றால் 252 கன அடி, இரண்டரை யூனிட். ஒரு நடைக்கு அரை யூனிட் என்று 41 நடைக்கு 20 யூனிட் குறையும். பூச்செடிப் பாத்தி முழுக்க மண்ணில்லாமல் நிற்கும் அளவு அது. குறை தெரியவருவது கடைசி வாரத்தில். அப்போது மண் கேட்டால் கிடைப்பதற்கே இரண்டு நாள் ஆகும்.

ஆட்கள்: ஒரு மேஸ்திரி, ஒரு பிளம்பரும் அவருக்கு ஓர் உதவியாளும், கல் வேலைக்கு இருவர், குழிக்கும் மண்ணுக்கும் நான்கு ஆண்கள், நடவுக்கும் புல்லுக்கும் ஐந்து பெண்கள். பெண்கள் ஐவரும் வேப்பனப்பள்ளிப் பக்கத்தவர்கள், வீட்டில் தெலுங்கு. மண் வேலை நால்வரும் ஒடிசாக்காரர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இப்படிக் கலந்த குழுதான் வழக்கம். தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாள் காட்டியில் ஒளிந்திருந்த விடுப்புகள்

ஆயுத பூஜை வருவதோ புரட்டாசியை ஒட்டி. வேலை தொடங்கியது ஆவணிக் கடைசி. ஆவணி முகூர்த்த நாளில் ஆள் வராது. சொந்தக்காரர் கல்யாணம் என்றால் மூன்று பெண்கள் சேர்ந்தே போவார்கள். புரட்டாசி பிறந்தால் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடும் வீடுகள் இந்தப் பகுதியில் நிறைய. அன்றைக்கு அரை நாள்தான் வேலை நடக்கும் என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். கூலி சனிக்கிழமை என்பதை மாற்றி வெள்ளி மாலை கொடுத்தது இங்கே நல்ல பலன் தந்தது. கூலிக்காக மட்டும் சனிக்கிழமை வந்து மாலை வரை இழுத்துக்கொண்டிருப்பது நின்றது. வந்தவர்கள் வேலைக்காகவே வந்தார்கள்.

யாரும் கணக்கில் வைக்காத இன்னொன்று தொழிற்சாலை வாசல். அடையாள அட்டை நகல், இஎஸ்ஐ எண், பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம் எல்லாம் பார்த்து உள்ளே விட அரை மணி நேரம் ஆகிறது. 14 ஆளுக்கு அரை மணி என்றால் தினமும் 7 மணி நேரம். 24 நாளில் 21 ஆள்நாள் வாசலிலேயே கரைந்துவிடும். முதல் நான்கு நாள் அப்படித்தான் போயிற்று. ஐந்தாம் நாள், எல்லோருடைய தாள்களும் ஒரே கோப்பில், மாதம் முழுமைக்கும் ஒரே அனுமதிச் சீட்டு என்று பாதுகாப்பு அலுவலரிடம் பேசி வாங்கியபின் அது பத்து நிமிடமாகக் குறைந்தது. இந்தப் பேச்சு வேலை தொடங்கும் முன்பே நடந்திருக்க வேண்டியது.

மாதிரி காட்டி வேலை வாங்குதல்

முதல் மரக்குழியை மேஸ்திரியே நின்று வெட்டி, நட்டு, கம்பு கட்டி முடித்தார். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழியை நடாமல் திறந்து விட்டிருந்தார்கள். அளவும் ஆழமும் யார் வேண்டுமானாலும் கோல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அப்படியே வேலியில் பத்தடி, புல்தரையில் நூறு சதுர அடி. மூன்று மொழி பேசும் குழுவுக்கு இதைவிடத் தெளிவான கட்டளை கிடையாது. தரையில் குறியும் நிறத்தால்தான்: பாத்தி எல்லைக்கு வெள்ளைக் கோலமாவு, குழாய்த் தடத்துக்குச் செங்கல் பொடி, மின்கேபிள் ஓடும் இடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய கம்பி. கேபிள் தடத்துக்கு இருபுறமும் ஒரு மீட்டருக்குள் ஜேசிபி வாளி போகக் கூடாது. அங்கே மம்முட்டி மட்டும்.

குழியில் பார்க்க வேண்டியவை சில. இந்த வளாகத்தில் மேலே ஓர் அடி செம்மண், அதற்குக் கீழே இறுகிய மொரம்பு (சரளை மண்). மொரம்பில் வெட்டிய குழி ஒரு தொட்டி மாதிரி. விட்ட தண்ணீர் இறங்க வழியில்லாமல் வேர் அழுகும். ஆகவே குழியில் ஓர் அடி உயரம் தண்ணீர் ஊற்றி, அது வடிந்ததும் மறுபடி ஓர் அடி ஊற்றி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கும் குறைவென்றால் அந்தக் குழிக்கு வடிகால் வேண்டும். 64-ல் 9 குழி அப்படி நின்றன. எல்லாம் தாழ்ந்த வடகிழக்கு மூலையில். அவற்றின் அடியைக் கடப்பாரையால் உடைத்து, 40 மி.மீ. ஜல்லி ஓர் அடி போட்டு, துளையிட்ட 110 மி.மீ. பிவிசி குழாயால் ஒன்றோடொன்று இணைத்து மழைநீர்க் கால்வாயில் விட்டார்கள். குழாயைச் சுற்றி ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) போடாவிட்டால் இரண்டு மழையில் செம்மண் உள்ளே புகுந்து அடைத்துவிடும்.

நடும் ஆழத்தில் நேரும் தவறு ஓராண்டு கழித்துத்தான் வெளியே தெரியும். அடிமரம் விரிந்து வேராகும் இடம் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். குழி மண் அமுங்கும்போது அது சமமாக வரும். கன்று உயரமாகத் தெரிய வேண்டும் என்றோ, ஆடாமல் நிற்க வேண்டும் என்றோ ஆழமாகப் புதைத்தால் பட்டை ஈரத்தில் அழுகும். ஆடாமல் இருக்கச் சவுக்குக் கம்பு இரண்டு, நடுவில் எட்டு வடிவில் சணல் கயிறு போதும். மண்ணைக் காலால் மிதித்து இறுக்கவும் கூடாது. பாதி மண் போட்டுத் தண்ணீர் விட்டு அமுக்கி, பிறகு மீதியைப் போட வேண்டும்.

மரம் நட்ட முதல் நாள் மாலை மேஸ்திரி கேட்டார்: “அக்கா, கவரு மொத்தமா உரிச்சிட்டீங்களா?” பதில்: “அடியில கிழிச்சு உட்டோம்ணா, அது போதும்னு சொன்னாங்களே.” யார் சொன்னது என்பது தெரியவில்லை, முந்தைய ஏதோ ஒரு வேலையில் பழகியது. அன்று நட்ட 11 மரத்தையும் மறுபடி தூக்கி, பிளாஸ்டிக் கவரை நீக்கி, கவருக்குள் வட்டமாகச் சுற்றிய வேரை நான்கு பக்கமும் கத்தியால் கீறி நட்டார்கள். சுற்றிய வேர் அப்படியே விட்டால் தடித்துத் தன் மரத்தையே நெரிக்கும். மறுநாள் முதல் ஒரு ஏற்பாடு: மாலையில் வெறுங்கவரை எண்ணி ஒப்படைப்பது. 12 மரம் நட்டால் 12 முழுக் கவர். வேலிச்செடிக்கும் அதே முறை. மண்ணுக்குள் போனதைத் தோண்டாமல் சரிபார்க்க இதைவிட எளிய வழி தெரியவில்லை. அடியுரமாகக் குழிக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கும் மக்கிய எருவும் போட்டது மொரம்பு நிலத்துக் கரையானுக்காக.

பதின்மூன்றாம் நாள்: டிப்பர் உள்ளே வந்தது

கூடுதல் 30 ஆள்நாளில் 13 ஒரே காலையில் உண்டானவை.

பன்னிரண்டாம் நாள் இரவு இடியோடு மழை. இந்தப் பகுதியில் செப்டம்பர், அக்டோபரில் மாலையில் மேகம் கூடி இரவில் கொட்டுவது புதிதல்ல. மறுநாள் காலை எட்டு நடை மண் வர வேண்டியிருந்தது, நிறுத்தச் சொல்லவில்லை. மேஸ்திரி செடி பார்க்கத் தளிச் சாலையில் உள்ள நர்சரிக்குப் போயிருந்தார். டிப்பர் ஓட்டுநர்களுக்கு அடுத்த நடைக்கு அவசரம். தார் ஓரத்தில் கொட்டினால் மண்ணைச் சட்டியில் சுமக்க வேண்டியிருக்கும் என்று எண்ணி, குழுவில் ஒருவர் “உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று கை காட்டினார். அவர் நினைத்தது நியாயம்தான், சுமை மிச்சம். மூன்று வண்டிகள் ஈரச் செம்மண் மேல் போய்க் கொட்டின.

மாலைக்குள் சக்கரத் தடம் தெரியாதபடி மண் நிரப்பி மட்டமாகிவிட்டது. அதுதான் ஆபத்து. அடுத்த மழையில், பத்தடி அகலம் அறுபதடி நீளத்தில் இரண்டு பட்டையாகத் தண்ணீர் நின்றது. 10 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தார்கள். மற்ற இடத்தில் ஓர் அடி சுலபமாக இறங்கியது. பட்டைக்குள் புதுமண்ணைத் தாண்டியதும் நின்றுவிட்டது. ஈரமான செம்மண்ணின் மேல் பாரவண்டி ஏறினால் மண்துகளுக்கு இடையிலுள்ள காற்றுக்கண்கள் நசுங்கி, காய்ந்ததும் செங்கல் மாதிரி ஆகும். மேலே எவ்வளவு நல்ல மண் போட்டாலும் அடித்தட்டில் தண்ணீர் நிற்கும், புல் மஞ்சளாகும். 1,200 சதுர அடியையும் திறந்து, புதுமண்ணை ஒதுக்கி, அடியை ஒன்பது அங்குலம் கடப்பாரையால் நெம்பி, எருவும் மணலும் கலந்து மறுபடி மூட 13 ஆள்நாள் ஆனது.

மழை பெய்ததற்கு யாரும் பொறுப்பில்லை. மழைக்குப் பிறகு வண்டியை நிறுத்தச் சொல்ல ஓர் ஆள் பெயர் குறிக்கப்படாமல் இருந்ததற்குப் பொறுப்பு குழுத் தலைமையுடையது. தலைவர் வெளியே போகும் நேரத்தில் ‘யார் முடிவெடுப்பது’ என்பதை எல்லோர் முன்னும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த ஆள் மூத்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பதினான்காம் நாள் முதல் பெண்களில் ஒருவர் வாசல் பொறுப்பு. டிப்பர் நிற்கும் எல்லைக்கு வெள்ளைக்கோடு. நடை எண், தொட்டி அளவு, கொட்டிய இடம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதினார். அவர் ஒரு வண்டியைக்கூட கோட்டைத் தாண்ட விடவில்லை.

மழை நாளுக்கென்று தனி வேலைப் பட்டியல் இருந்தது நல்லது: கூரைக்குக் கீழே சொட்டுக் குழாய் வெட்டுதல், கம்பு சீவுதல், எரு சலித்தல், கல் பலகையை அளவுக்குப் பிரித்தல். ஈரத் தரையில் மிதிக்காமல் நாள் ஓடியது.

மண்ணைப் பற்றி ஒரு குறிப்பு

கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கல்குவாரி அதிகம், ஆகவே கிரஷர் தூள் மலிவு. மணலுக்குப் பதில் அதைக் கலவையில் சேர்க்கச் சொல்லும் சப்ளையர்கள் உண்டு. சேர்க்கவே கூடாது. கழுவிய எம்-சாண்டில் துகள் தனித்தனியாக நிற்கும். கிரஷர் தூளில் மாவு போன்ற நுண்துகள் மிகுதி, அது மண்கண்களை அடைத்து மேலே ஓடு கட்டும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், பாதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் தெரியும்: தண்ணீர் தெளியாமல் பால்போல நின்றால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இங்கே கலவை செம்மண் பத்துக்கு ஆறு பங்கு, மணல் இரண்டரை, எரு ஒன்றரை. ஜேசிபி வாளியால் குவியலை மூன்று முறை புரட்ட வேண்டும். ஒருமுறை புரட்டியது கலவை ஆகாது. ஏரிக்கரை மண்ணில் கோரைக்கிழங்கு வரும். புல்தரையில் கோரை புகுந்தால் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். வண்டியில் மண்ணைக் கையால் கிளறிக் கறுப்புக் கிழங்கு இருக்கிறதா என்று பார்ப்பது வாசலில் நிற்பவரின் வேலையில் சேரும்.

தண்ணீர்: வரைபடத்தில் 3 எச்பி, தரையில் 2 எச்பி

புல்தரை ஏறக்குறைய 1,115 சதுர மீட்டர். நாளைக்கு 5 மி.மீ. தண்ணீர் என்றால் 5,575 லிட்டர். மரம் ஒன்றுக்கு 4 லிட்டர் சொட்டுவான் நான்கு, ஒரு மணி நேரம்: 1,024 லிட்டர். வேலிக்கு அரை மணி: 900. பாத்திக்கு 930. மொத்தம் நாளொன்றுக்கு 8,400 லிட்டருக்குச் சற்று மேல். ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் 200 லிட்டர் டிரம் நான்கு நிமிடத்தில் நிரம்பியது, மணிக்கு 3,000 லிட்டர். மூன்று மணி நேரம் ஓட்டினால் போதும். 20,000 லிட்டர் சம்ப் இருந்ததால் மின்தடைக்கும் ஈடு இருந்தது. இந்த வரை சரி.

பிழை சம்ப்பிலிருந்து தள்ளும் மோட்டாரில். வரைபடம் போட்டவர் 3 எச்பி மோட்டார் என்று வைத்து மண்டலம் (ஒரே வால்வில் சேர்ந்து ஓடும் தெளிப்பான்கள்) பிரித்திருந்தார். வளாகத்தில் பொருத்தியிருந்தது 2 எச்பி. அழுத்தமானியில் சதுர செ.மீ.க்கு 3 கிலோ காட்டும்படி வால்வை நெருக்கி வைத்துப் பிடித்தால் 200 லிட்டர் டிரம் 100 விநாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு 120 லிட்டர். அரைவட்டம் சுற்றும் 15 அடி பாப்-அப் ஒன்று 2 கிலோ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 7 லிட்டர் எடுக்கும். மூன்றாம் மண்டலத்தில் 22 தெளிப்பான் தலை, 154 லிட்டர் வேண்டும். வால்வைத் திறந்ததும் தலைகள் பாதி எழும்பி நின்றன, தண்ணீர் விசிறாமல் வழிந்தது. அந்த மண்டலத்தை 11, 11 ஆகப் பிரித்து, ஒரு வால்வும் 24 வோல்ட் ஒயரும் கூடுதலாகப் போட 4 ஆள்நாள். டிரம் சோதனையை மூன்றாம் நாள் செய்திருந்தால் வாய்க்கால் வெட்டும்போதே இரண்டு குழாயாகப் போட்டிருக்கலாம். தண்ணீர் அளவு தெரியாமல் குழாய் வெட்டத் தொடங்குவது பெரும்பாலான குழுக்களின் பழக்கம். ஆள் சும்மா நிற்கக் கூடாது என்ற அவசரமே காரணம்.

பிளம்பர் கடைப்பிடித்த இரண்டு பழக்கங்கள் பாராட்டத்தக்கவை. சொல்யூஷன் போட்டு ஒட்டிய இணைப்பை 24 மணி நேரம் கழித்தே அழுத்தத்தில் வைத்தார். 3 கிலோவில் ஒரு மணி நேரம் நிறுத்தி, முள் இறங்கவில்லை என்று பார்த்த பின்பே மண் மூடினார். தெளிப்பான் தலையை மாட்டும் முன் ஒவ்வொரு குழாயையும் திறந்துவிட்டு மண்ணும் பிவிசித் துருவலும் கழுவி வரும்வரை ஓட்டினார். தலையை மாட்டிவிட்டுக் கழுவினால் அந்தத் துருவலெல்லாம் நாசிலில் போய் நிற்கும்.

நடைபாதைக்கு அடியில் குழாய் கடக்கும் இடம் மூன்று. ஒவ்வொன்றிலும் 110 மி.மீ. உறைக்குழாய் முன்கூட்டியே புதைக்க வேண்டும். பிளம்பர் கிழக்கிலிருந்து வந்தார், கல் வேலைக்காரர்கள் மேற்கிலிருந்து. இரண்டு இடத்தில் போட்டாயிற்று, மூன்றாவதில் கல் முந்திக்கொண்டது. பலகை பெயர்த்து, கான்கிரீட் உடைத்து, மறுபடி பதிக்க 3 ஆள்நாள். இரண்டு அணிகள் எதிரெதிர்த் திசையில் வேலை செய்தால் இப்படித்தான் இடிக்கும். இரண்டையும் ஒரே முனையிலிருந்து, குழாய் முன்னும் கல் பின்னுமாக விட்டிருந்தால் பேச வேண்டிய தேவையே இருந்திருக்காது.

வேலிச்செடி: நான்காவது செடி மட்டும் வாடியது

இந்த வேலையில் கற்றுக்கொள்ள அதிகம் இருந்தது வேலியில்தான். ஓர் அடி இடைவெளி, இரண்டு வரிசை, முன்வரிசைச் செடிகளின் நடுவே பின்வரிசைச் செடி வரும்படி. 1,180 செடி வேண்டும், 1,240 வாங்கினார்கள். நடுவில் ஒரே 16 மி.மீ. இன்லைன் (சொட்டுவான் உள்ளேயே பதித்த) சொட்டுக் குழாய், 40 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர். 180 மீட்டரையும் ஒரே ஓட்டமாக விட்டால் கடைசிச் செடிக்கு அழுத்தம் போகாது என்பதால் 60 மீட்டர் வீதம் மூன்று துண்டாகப் பிரித்திருந்தார்கள். அது சரியே.

நட்டுப் பத்து நாளில் முன்வரிசையில் செடிகள் வாடத் தொடங்கின. முதலில் சொன்ன காரணம் நோய். அடுத்தது, நர்சரி செடி மோசம். பூச்சிமருந்து அடிக்க டேங்க் வரை எடுத்துவிட்டார்கள். மேஸ்திரி மருந்தை நிறுத்தச் சொல்லி, வாடிய செடிக்கெல்லாம் ஒரு குச்சி குத்தச் சொன்னார். குச்சிகள் நான்கடிக்கு ஒன்று என்று ஒழுங்காக நின்றன. நோய் இப்படி அளந்து வராது.

செடி 30 செ.மீ.க்கு ஒன்று, சொட்டுவான் 40 செ.மீ.க்கு ஒன்று. இரண்டும் ஒரே புள்ளியில் சேர்வது 120 செ.மீ.க்கு ஒருமுறை. அதற்கு நடுவில் 60 செ.மீ.யில் நிற்கும் செடிக்கு இருபுறமும் சொட்டுவான் 20 செ.மீ. தள்ளி. பின்வரிசையில் மிகத் தள்ளி நிற்கும் செடிக்கும் 15 செ.மீ.தான், அது தப்பித்தது. மண் ஈரமாகத்தானே இருந்தது, 20 செ.மீ. ஒரு தூரமா என்று கேட்கலாம். நர்சரியில் செடி நின்றது தேங்காய் நார்க்கழிவில். அந்த வேர்ப்பந்து ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால், சுற்றியிருக்கும் செம்மண் ஈரமாக இருந்தாலும் உள்ளே இழுக்காது. வேர் பந்தைத் தாண்டி மண்ணுக்குள் போகும்வரை தண்ணீர் பந்தின் மேலேயே விழ வேண்டும். போதாததற்குச் செடிகள் நிழல்வலையிலிருந்து நேரே வெயிலுக்கு வந்தவை; ஒரு வாரமாவது திறந்த வெளியில் வைத்துப் பழக்கிய செடி கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

30 செ.மீ. சொட்டுவான் உள்ள குழாய்க்கு மாற்றுவதா என்று யோசித்து வேண்டாமென்று முடிவானது. வேர் பரவிய பின் இந்தக் குழாயே போதும். மூன்று வாரத்துக்கு ஒன்றுவிட்ட ஒரு நாள், குச்சி குத்திய செடிகளுக்கு மட்டும் கைக்குழாயால் அடியில் தண்ணீர். 41 செடி பிழைக்கவில்லை, கையிருப்பிலிருந்து மாற்றினார்கள். எல்லாம் சேர்த்து 4 ஆள்நாள்.

புல்: பதினைந்தாம் நாள் எடுத்த முடிவு

ஐந்து பெண்கள் நாளைக்கு 1,500 சதுர அடி மெக்சிகன் புல் பாய் போட முடியும், தரை மட்டமாகத் தயாராக இருந்தால். 12,000 சதுர அடிக்கு எட்டு நாள். கட்டடத்திலிருந்து வெளிப்பக்கம் நூற்றுக்கு ஒன்று சரிவு: அறுபதடிக்கு ஏழு அங்குலம், தண்ணீர் நிரப்பிய டியூப்பால் மட்டம் பிடித்து முளை அடித்தது.

டிப்பர் தடத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிந்த பதினைந்தாம் நாளிலேயே, பின்பக்கம் 3,000 சதுர அடி பூஜைக்குள் ஆகாது என்று கணக்கு சொன்னது. இரண்டு வழி. ஒன்று, இறுகிய மண் மேலேயே புல்லைப் பரப்பிவிடுவது. பூஜையன்று பச்சையாகத்தான் இருக்கும், மஞ்சளாவது ஒரு மாதம் கழித்து. மற்றது, அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்வது. மேஸ்திரி அன்று மாலையே மேலாளரை அழைத்து, கம்பியை அவர் கையிலேயே கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். வாசலும் அலுவலக முகப்பும் முழுமையாக முடியும், பின்பக்கம் சமன்செய்த மண்ணாக நிற்கும், பூஜை கழிந்த நான்கு நாளில் புல் வரும் என்று பேசி முடிந்தது. ஒன்பது நாள் முன்பே சொன்னதால் அது ஏற்பாடாக ஏற்கப்பட்டது. பூஜைக்கு முந்தின நாள் சொல்லியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும்.

கடைசிச் சறுக்கல் புல் லாரியில். நாளுக்கு 1,500 என்று கேட்டதை மறந்து சப்ளையர் 6,000 சதுர அடியை ஒரே நடையில் அனுப்பினார். வெட்டிய புல்லை அடுக்கி வைத்தால் நடுவில் சூடேறும். கைவிட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு நாளைத் தாண்டினால் நடு அடுக்கு மஞ்சளாகி ஒட்டிக்கொள்ளும். அன்று நடவு வேலையை நிறுத்தி எல்லோரும் புல்லை நிழலில் ஒற்றை அடுக்காகப் பிரித்துத் தண்ணீர் தெளித்தார்கள். அப்படியும் ஏறக்குறைய 400 சதுர அடி கழிந்தது. பிரித்த வேலையும் மறுபடி போட்டதும் 6 ஆள்நாள். சொன்ன அளவுக்கு மேல் வந்த லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் வாசலில் நிற்பவருக்கு இருந்திருக்க வேண்டும். மண் வண்டிக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள்.

பாய்களைச் செங்கல் கட்டுமானம் போல மூட்டு மாறி வரும்படி, இடுக்கில்லாமல் நெருக்கிப் போட்டு, உருளை ஓட்டி, முதல் பத்து நாள் தினம் மூன்று முறை சிறுகத் தண்ணீர். மொத்த நேரத்தை ஒரே தடவையாக ஓட்டினால் செம்மண்ணில் வழிந்தோடும். இந்தத் தெளிப்பான்கள் மணிக்கு 40 மி.மீ. அளவில் கொட்டுபவை, 5 மி.மீ.க்கு எட்டு நிமிடமே போதும். அதையும் பிரித்து விடுவது மேல். புல் போட்ட பன்னிரண்டாம் நாள் ஒரு பாயின் மூலையைத் தூக்கிப் பார்த்தார்கள், வேர் பிடித்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு தண்ணீரை ஒருவேளையாகக் குறைத்தார்கள். முதல் வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவில்லை.

ஒப்படைப்பு

தொழிற்சாலைத் தோட்டக்காரரிடம் கொடுத்தது ஒரு தாள்: ஒவ்வொரு வால்வும் நடைபாதை ஓரக் கல்லிலிருந்து எத்தனை அடி, எந்த மண்டலத்தில் எத்தனை தலை, எத்தனை நிமிடம். குழாய் மண்ணுக்குள் போகும் முன் டேப் வைத்து எடுத்த படங்களும் உண்டு. ஆழ்துளைத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருப்பதால் சொட்டுவானில் வெள்ளைப்படிவு கட்டும்; வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவவும், ஒவ்வொரு துண்டின் கடைசி மூடியை மாதம் ஒருமுறை திறந்துவிடவும் எழுதியிருந்தது. அமிலம் விட நேர்ந்தால் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது அந்தத் தாளில் சிவப்பு மையில் இருந்தது.

45-ஆம் நாள் சோதனையில் 64 மரத்தில் 62 துளிர்த்திருந்தன. வடகிழக்கு மூலையில் வடிகால் போட்ட ஒன்பதும் அந்த 62-ல் சேர்த்தி. மூன்று மரத்தில் சணல் கயிறு பட்டையை இறுக்கத் தொடங்கியிருந்தது. அன்றே தளர்த்திக் கட்டினார்கள். மாற்றுக் கன்று இரண்டுக்கும் பழைய குழியிலேயே, கம்பியை மறுபடி அழுத்திப் பார்த்து, அடி இறுகவில்லை என்று உறுதியான பின் நடவு நடந்தது.